காத்திருப்பது யார் கடமை?

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் விசாகப்பட்டினம் விமான நிலையத்தில் நடந்ததைப் பலரும் மறந்திருக்கக்கூடும். ஹைதராபாத் செல்லும் இண்டிகோ விமானத்தைப் பிடிக்க, தெலுங்கு தேசம் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜே.சி. திவாகர் ரெட்டி வந்து சேர்ந்தபோது, விமானம் புறப்பட 28 நிமிடங்களே இருந்தன. உள்நாட்டு விமானங்களுக்கு 45 நிமிடங்களுக்கு முன்பே கவுன்டர் மூடப்பட்டுவிடும் என்பது அன்றைய விதி. ஊழியர்கள் அந்த விதியைச் சொன்னார்கள். மக்கள் பிரதிநிதியோ அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கித் தரையில் எறிந்தார். ஊழியர் ஒருவரைப் பிடித்துத் தள்ளினார். நிலையத்தின் கேமராக்கள் அனைத்தையும் பதிவு செய்துகொண்டிருந்தன. இவ்வளவும் நடந்த பிறகு அவர் எப்படி ஹைதராபாத் போய்ச் சேர்ந்தார் தெரியுமா? அதே விமானத்தில்தான்.

பின்னர் விமான நிறுவனங்கள் ஒன்றுகூடி அவரை ஏற்றிச் செல்வதில்லை என்று அறிவித்தன. சில வாரங்களில் அந்தத் தடையும் நீங்கியது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் சிவசேனை உறுப்பினர் ரவீந்திர கெய்க்வாட், புணேயிலிருந்து தில்லி வந்திறங்கிய ஏர் இந்தியா விமானத்தை விட்டு இறங்க மறுத்து, வயதில் மூத்த அதிகாரி ஒருவரைச் செருப்பால் அடித்திருந்தார். உயர் வகுப்பு இருக்கையே இல்லாத விமானத்தில் தனக்கு உயர் வகுப்பு இருக்கை தரவில்லை என்பது அவருடைய குறை. அந்த விமானம் அடுத்து எங்கு போகவேண்டுமோ, அதில் போகக் காத்திருந்தவர்களின் குறையை யாரும் கேட்கவில்லை. அவர் மீதான தடையை நீக்கக் கோரி சிவசேனை உறுப்பினர்கள் மக்களவையில் விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சரைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டனர். மறுநாளே தடை விலகியது. அதே ஏப்ரல் மாதத்தின் இறுதியில், ஹவாய்ச் செருப்பு அணிந்த ஏழையும் விமானத்தில் பறக்கவேண்டும் என்று சொல்லி, சிம்லாவில் 'உடான்' திட்டத்தின் முதல் விமானத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். விமானமும் செருப்பும் சேர்ந்து செய்தியான மாதங்கள் அவை.

இந்த இரு நிகழ்ச்சிகளின் விளைவாக 2017 செப்டம்பரில் பயணத் தடைப் பட்டியல் விதிகள் வந்தன. வாய்த்தகராறுக்கு மூன்று மாதம், கைகலப்புக்கு ஆறு மாதம், உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தடை. நல்ல விதிதான். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரின் நடத்தையால் பிறந்த விதி, இன்று யாருக்குப் பொருந்துகிறது என்று பார்த்தால், பத்து மணி நேரம் காக்கவைக்கப்பட்டுக் குரலை உயர்த்திய சாதாரணப் பயணிக்கே முதலில் பொருந்துகிறது. காக்கவைத்தவர்களுக்கு அதில் எந்தப் பிரிவும் இல்லை.

சிக்கல் இங்குதான் இருக்கிறது. நம் நாட்டு விமான நிலையங்களில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. பயணிக்கு ஒன்று; அது நொடி பிசகாது. விமான நிறுவனத்துக்கு ஒன்று. அது வேண்டியபோது நின்று ஓடும். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. அதன் முட்களை அவர்களே நகர்த்திக்கொள்கிறார்கள்.

முதல் கடிகாரத்தைக் குறை சொல்வதற்கில்லை. விமானம் புறப்படுவதற்கு வெகு முன்பே கவுன்டரை மூடுவது கொடுமைக்காக அல்ல. எத்தனை பேர் ஏறுகிறார்கள், எவ்வளவு சுமை, அது எந்தப் பகுதியில் ஏற்றப்பட்டிருக்கிறது என்ற கணக்கு விமானியின் கைக்குப் போக வேண்டும். பெட்டிகள் சோதனை முடிந்து விமானத்தின் வயிற்றுக்குள் போக வேண்டும். பெட்டியை ஏற்றிவிட்டு ஆள் ஏறாமல் இருந்தால் அந்தப் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். ஒருவருக்காக ஐந்து நிமிடம் காத்திருந்தால், தில்லி, மும்பை போன்ற நெரிசல் மிகுந்த நிலையங்களில் ஓடுபாதையில் அந்த விமானத்துக்குரிய முறை தவறி, அது அரை மணி நேரமாக வளரக்கூடும். ஆகவே, தாமதமாக வருபவரை விட்டுச் செல்வது மற்ற 180 பேருக்குச் செய்யும் நியாயம்.

உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியிருக்கிறது. 2017 ஜனவரியில் கொல்கத்தாவிலிருந்து அகர்தலா செல்லவேண்டிய பயணிகள் சிலர் போர்டிங் பாஸ் வாங்கி, பாதுகாப்புச் சோதனையையும் முடித்த பிறகும், உரிய நேரத்தில் வாயிலுக்கு வந்து சேரவில்லை. விமானம் அவர்களை விட்டுவிட்டுப் பறந்தது. திரிபுராவின் நுகர்வோர் மன்றமும், மேல்முறையீட்டில் தேசிய ஆணையமும் பயணிகளின் பக்கம் நின்றன. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்தது. போர்டிங் பாஸ் வாங்கியதோடு பயணியின் கடமை முடிந்துவிடவில்லை. குறித்த நேரத்துக்குள் வாயிலில் நிற்பதும் அவர் பொறுப்பே. அவரைத் தேடிப் பிடித்து ஏற்றிச் செல்வது நிறுவனத்தின் கடமையல்ல என்பது தீர்ப்பின் சாரம். சரி, ஏற்றுக்கொள்வோம்.

ஆனால் அதே உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் சொன்னதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2016 ஜூனில் ஆஜ்மீரிலிருந்து ஜம்மு சென்ற ரயில், காலை எட்டு மணியளவில் சேர வேண்டியது, நண்பகல் 12 மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதே நண்பகலில் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் விமானத்துக்குப் பயணச்சீட்டு வாங்கியிருந்த ஒரு குடும்பம் அதைத் தவறவிட்டது. வாடகைக் கார் பிடித்து மலைப்பாதையில் ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்தார்கள். ரயில் தாமதத்துக்கு ரயில்வே பொறுப்பல்ல என்று அதன் விதிகளிலேயே இருக்கிறது என்று ரயில்வே வாதிட்டது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தாமதத்துக்கான காரணத்தை விளக்கி, அது தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று நிரூபிக்க வேண்டியது ரயில்வேயின் பொறுப்பு. நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்று கூறியது. காருக்கான 15 ஆயிரம் ரூபாய் உள்ளிட்ட தொகை வழங்கப்பட்டது.

ஒரு குடும்பம் இந்தத் தொகைக்காக மாவட்ட மன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஐந்து ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது அந்தத் தத்துவம். காலத்துக்கு விலை உண்டு. அதை வீணடித்தவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். காரணம் சொல்ல முடியாதவர் பணம் தரக் கடமைப்பட்டவர். பாமரர்கள் ஏறும் ரயிலுக்கு இந்தத் தத்துவம் பொருந்துமென்றால், அதைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கும் விமானத்துக்கு ஏன் விதியிலேயே பொருந்தக் கூடாது?

டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2010-ஆம் ஆண்டு வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய பயணிகள் வசதி விதியைப் படித்துப் பார்ப்பது நல்லது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல், ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானங்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்தான் சிற்றுண்டிக்கு உரிமை பிறக்கிறது. தில்லியிலிருந்து சென்னை செல்பவர் இந்தப் பிரிவில் வருவார். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை. 24 மணி நேரத்துக்கு மேல், அல்லது இரவு எட்டு மணி முதல் அதிகாலை மூன்று மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், தங்க ஓர் அறை. அவ்வளவுதான். விமானத்தை ரத்து செய்தால் இழப்பீடு உண்டு. இடமிருந்தும் ஏற்ற மறுத்தால் இழப்பீடு உண்டு. தாமதத்துக்கு இந்த விதியின்கீழ் ஒரு ரூபாய்கூட இழப்பீடு கிடையாது. நேர்முகத் தேர்வைத் தவறவிட்ட இளைஞருக்கும், தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன மகளுக்கும் விதி வழங்குவது ஒரு பொட்டலம் உப்புமா.

ரத்துக்கான இழப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பறக்கும் நேரத்தைப் பொறுத்து ரூ. 5,000, ரூ. 7,500, ரூ. 10,000 என்று வரையறுத்துவிட்டு, அதன் பின்னால் ஒரு சொற்றொடரைச் சேர்த்திருக்கிறார்கள். இந்தத் தொகை அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. மூன்று மாதங்களுக்கு முன்பே மலிவாகச் சீட்டு வாங்கிய நடுத்தரக் குடும்பத்துக்கு 'எது குறைவோ அது' என்பதன் பொருள் என்ன? புறப்படும் நாளில் விமானம் ரத்தாகி, வேறு நிறுவனத்தில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு கட்டணத்துக்குச் சீட்டு வாங்க வேண்டிய நேரத்தில், கைக்குக் கிடைப்பது பழைய மலிவுக் கட்டணத்தின் அளவே. விதியை எழுதியவர்களின் அனுதாபம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை இந்த மூன்று சொற்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2004-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தொலைவைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று அது நிலையான தொகையை வரையறுத்தது. நீங்கள் வாங்கிய சீட்டு மலிவானதா, விலை உயர்ந்ததா என்று அது கேட்கவில்லை. ஏனென்றால் வீணானது உங்கள் நேரம், உங்கள் சீட்டு அல்ல. 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம், வழக்கமான பராமரிப்பில் தெரியவரும் இயந்திரக் கோளாறு 'அசாதாரணச் சூழ்நிலை' ஆகாது என்றது. 2009-இல், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சென்று சேர்ந்தால் அது ரத்துக்குச் சமம் என்று கருதி இழப்பீடு தர வேண்டும் என்றது. அங்கே விமான நிறுவனங்கள் இதனால் மூழ்கிப் போய்விடவில்லை. குறைந்த கட்டண நிறுவனங்கள் செழித்து வளர்ந்ததே அந்த விதி அமலில் இருந்த ஆண்டுகளில்தான்.

நம் விதியில் 'அசாதாரணச் சூழ்நிலை'களின் பட்டியல் நீளமானது. இயற்கைச் சீற்றம், கலவரம், வேலைநிறுத்தம், அரசின் உத்தரவு ஆகியவை மட்டுமல்ல. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தால் ஏற்படும் தாமதம், வானிலை, பாதுகாப்புக் காரணம், அதற்கு மேல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட பிற காரணங்கள் என்று வலையின் கண்கள் மிகப் பெரியவை. எந்த மீனும் தப்பிவிடலாம்.

வானிலையையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தில்லியை மூடுபனி சூழ்வது முன்னறிவிப்பில்லாத விபத்தல்ல. பொங்கல் வருவதைப்போல ஆண்டுதோறும் வருவது. ஓடுபாதையில் 50 மீட்டர் தொலைவு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் நிலையிலும் விமானம் தரையிறங்க உதவும் மூன்றாம் வகைக் கருவிகள் தில்லியில் உள்ளன. ஆனால் கருவி மட்டும் போதாது. விமானமும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், விமானியும் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் மூடுபனி கவிந்த நாள்களில் அந்தப் பயிற்சி பெறாத விமானிகளைத் தில்லி விமானங்களுக்குப் பணியமர்த்தியதற்காக ஏர் இந்தியா, ஸ்பைஸ்ஜெட் ஆகிய நிறுவனங்களுக்கு டிஜிசிஏ தலா ரூ. 30 லட்சம் அபராதம் விதித்தது. அப்படியானால் அந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டதற்குக் காரணம் மூடுபனியா, பணிப் பட்டியல் போட்டவரா? ஒழுங்காற்று அமைப்பே நிறுவனத்தின் தவறு என்று முடிவு செய்த பிறகும், அந்த விமானங்களில் தவித்த பயணிகளைப் பொருத்தவரை அது 'வானிலை'தான்.

அடுத்த இரு வாரங்களில் நடந்தவை நாடறிந்தவை. 2024 ஜனவரி 14 அன்று தில்லியில் பல மணி நேரம் தாமதமான கோவா விமானத்தில், அறிவிப்பு வெளியிட வந்த விமானியைப் பயணி ஒருவர் தாக்கினார். அது குற்றமே, அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. தாமதத்தை உண்டாக்கியவர் அந்த விமானி அல்லர். பணி நேரம் முடிந்த முந்தைய குழுவுக்குப் பதிலாக வந்தவர் அவர். அதே நாளில் கோவாவிலிருந்து தில்லி வரவேண்டிய மற்றொரு விமானம் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டது. களைத்துப் போன பயணிகள் விமானம் நிற்கும் தளத்திலேயே தரையில் அமர்ந்து உணவருந்திய காட்சி ஒளிபரப்பானபோதுதான் அரசுக்குக் கோபம் வந்தது. இண்டிகோவுக்கு ரூ. 1.20 கோடி, மும்பை விமான நிலைய நிர்வாகத்துக்கு ரூ. 90 லட்சம் என அபராதம் விதிக்கப்பட்டது. பாதுகாப்பு மிகுந்த தளத்தில் பயணிகள் அமர்ந்தார்கள் என்பதற்கான அபராதம் அது. அவர்கள் ஏன் அங்கு அமரும் நிலைக்கு ஆளானார்கள் என்பதற்கு அல்ல.

நேரத்துக்கு வந்த பயணிகளையே விட்டுச் சென்ற கதைகளும் உண்டு. 2023 ஜனவரி 9 அன்று பெங்களூருவிலிருந்து தில்லி வந்த கோ பர்ஸ்ட் விமானம், போர்டிங் பாஸுடன் பேருந்தில் காத்திருந்த 55 பேரை மறந்துவிட்டுப் பறந்து வந்துவிட்டது. அடுத்த வாரமே அமிருதசரஸிலிருந்து சிங்கப்பூர் செல்லும் ஸ்கூட் விமானம் பல மணி நேரம் முன்னதாகவே கிளம்பியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் தவித்து நின்றனர். அந்த மாத இறுதியில் பாட்னாவுக்குச் சீட்டு வைத்திருந்தவரைத் தில்லியில் உதய்பூர் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். பெங்களூரு பயணிகளுக்கு, அடுத்த 12 மாதங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஓர் இலவச உள்நாட்டுப் பயணச்சீட்டு என்று நிறுவனம் தாராளம் காட்டியது. நான்கே மாதங்களில், அந்த மே மாதத் தொடக்கத்தில், கோ பர்ஸ்ட் நிறுவனமே திவால் மனு கொடுத்துவிட்டுப் பறப்பதை நிறுத்திக்கொண்டது. டிஜிசிஏ விதித்த அபராதம் ரூ. 10 லட்சம். அது அரசுக் கருவூலத்துக்கு.

இனி மூன்றாவது கடிகாரம். 2015 ஜூனில் லே விமான நிலையத்தில் அன்றைய மத்திய உள்துறை இணை அமைச்சர் கிரண் ரிஜிஜுவும் ஜம்மு காஷ்மீரின் துணை முதல்வரும் ஏறுவதற்காக ஏர் இந்தியா விமானம் தாமதப்படுத்தப்பட்டது. ஒரு குழந்தை உள்பட மூவர் இறக்கிவிடப்பட்டனர். விமானத்தின் நேரம் மாற்றப்பட்டதே குழப்பத்துக்குக் காரணம் என்று விளக்கம் தந்த ரிஜிஜு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அதைப் பாராட்டலாம்; பலர் அதுகூடச் செய்வதில்லை. 2017 நவம்பரில் இம்பால் நிலையத்தில், பாட்னாவில் நடக்கவிருந்த இறுதிச் சடங்குக்குச் செல்லத் துடித்த பெண் மருத்துவர் ஒருவர், அன்றைய சுற்றுலாத் துறை அமைச்சர் கே.ஜே. அல்போன்ஸை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டது நாடெங்கும் ஒளிபரப்பானது. குடியரசுத் தலைவரின் விமானம் வரவிருந்ததால் ஏற்பட்ட தாமதம் அது, தன்னால் அல்ல என்று அமைச்சர் பின்னர் விளக்கினார். அது உண்மையாகவே இருக்கட்டும். குடியரசுத் தலைவரின் பயணத் திட்டம் பல நாள்களுக்கு முன்பே வகுக்கப்படுவது. அந்த நேரத்தில் விமானங்கள் பறக்காது என்று பயணிகளுக்கு முன்கூட்டியே சொல்வதில் என்ன தடை இருக்க முடியும்?

சொல்ல முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குச் செல்கிறது. அதற்காக நிலையம் சில மணி நேரம் மூடப்படுகிறது. விமான நிறுவனங்களுக்கு முன்னதாகவே அறிவிப்புப் போய்விடுகிறது. அட்டவணை அதற்கேற்ப மாறுகிறது. குடியரசு தின அணிவகுப்புக்காகத் தில்லியிலும் ஜனவரி மூன்றாவது, நான்காவது வாரங்களில் முற்பகலில் சுமார் இரண்டரை மணி நேரம் வான்வெளி மூடப்படுவது முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. பத்மநாபரே முன்னறிவிப்போடு வரும்போது, அமைச்சர்கள் வர முடியாதா?

கார்களின் மீது சுழன்ற சிவப்பு விளக்கை 2017 மே முதல் தேதியிலிருந்து மத்திய அரசு அகற்றியது. வரவேற்கத்தக்க நடவடிக்கைதான். ஆனால் விமான நிலையங்களில் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. ஒரு விமானம் எதற்காக, யாருக்காக, எத்தனை நிமிடம் நிறுத்தி வைக்கப்பட்டது என்பது கட்டுப்பாட்டு நிலையத்தின் பதிவுகளிலும் நிறுவனத்தின் பதிவுகளிலும் இருக்கிறது. பயணிக்குச் சொல்லப்படுவதோ 'இயக்கக் காரணங்கள்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த இந்த அலட்சியத்தின் விலை என்ன என்பது 2025 டிசம்பரில் தெரிந்தது. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டும் விதிகளை டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே அறிவித்திருந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயரும். இரவுத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறையும். களைத்த விமானி ஆபத்தானவர் என்பதால் பயணிகளின் உயிரைக் காக்க வந்த விதி இது. நிறுவனங்களின் எதிர்ப்பால் அது தள்ளிப்போடப்பட்டு, விமானிகள் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகு, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக அமலுக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும், உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ அதற்குப் போதிய ஆயத்தம் செய்யவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அதன் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று தில்லியிலிருந்து புறப்பட வேண்டிய அதன் உள்நாட்டு விமானங்கள் அனைத்துமே நள்ளிரவு வரை ரத்து செய்யப்பட்டன. தலைநகரின் நிலையத்தில் மலைபோல் குவிந்த பெட்டிகளுக்கு நடுவே, தங்கள் உடைமைகளைத் தேடி மக்கள் அலைந்தார்கள்.

அரசு என்ன செய்தது? கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டர் வரை ரூ. 7,500, 1,500 கிலோமீட்டருக்கு மேல் ரூ. 18,000 என்று. கட்டணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. இண்டிகோவின் அட்டவணையில் பத்து சதவீதத்தைக் குறைத்தது. இவை சரியானவையே. ஆனால் இவற்றோடு சேர்த்து, விமானிகளின் இரவுப் பணி தொடர்பான விதிகளிலிருந்து அதே இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் அளித்தது. விதிக்குத் தயாராகாத நிறுவனத்துக்கு விதியே வழிவிட்டு நின்றது. 2026 ஜனவரியில் விதிக்கப்பட்ட அபராதம் ரூ. 22.20 கோடி; பாதிக்கப்பட்ட பயணிகள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று டிஜிசிஏவே கூறியது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 740 ரூபாய்கூட ஆகாது. அதுவும் பயணிகளுக்குச் செல்லும் பணம் அல்ல.

விசாகப்பட்டினத்தில் 17 நிமிடம் தாமதமாக வந்த பயணி நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாதிருந்தால், அவர் சீட்டின் பெரும்பகுதி பணத்தை இழந்திருப்பார். இரண்டு ஆண்டு தாமதமாகத் தயாரான நிறுவனத்துக்கு அவகாசம் கிடைத்தது.

ஒழுங்காற்று அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அரசிடமே இருக்கிறது. டிஜிசிஏ, அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஓர் அலுவலகம். அதற்கு மாற்றாகத் தன்னாட்சி பெற்ற சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அமைக்கும் மசோதா 2013-இல் மக்களவையில் அறிமுகமாகி, 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியானது. அதற்குப் பிறகு வந்த அரசு அதை மீண்டும் கொண்டுவரவில்லை. 2020-இல் விமானச் சட்டத்தைத் திருத்தி டிஜிசிஏவுக்குச் சட்ட அந்தஸ்து வழங்கியது. அபராத உச்சவரம்பைப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தியது. 1934-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி முதல் 'பாரதிய வாயுயான் அதிநியம்' அமலுக்கு வந்துவிட்டது. பெயர் மாறியது, அமைச்சகத்தின் பிடி மாறவில்லை. போதாக்குறைக்கு, டிஜிசிஏவின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய பாதி காலியாக இருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2025-இல் சுட்டிக்காட்டியது. உலகின் மூன்றாவது பெரிய உள்நாட்டு விமானச் சந்தை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதைப் பாதி நாற்காலிகளே நிரம்பிய ஓர் அலுவலகம் கண்காணித்துக்கொண்டிருந்தது.

அரசே இயக்கும் அமைப்புகளும் இந்தப் பொறுப்பிலிருந்து விலக்குப் பெற்றவை அல்ல. 2025 நவம்பர் 7 அன்று தில்லிக் கட்டுப்பாட்டு நிலையத்தின் தகவல் பரிமாற்றக் கணினி முறை பழுதானதில் எண்ணூறுக்கும் அதிகமான விமானங்கள் தாமதமாயின. அதை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். ரயில்வே தன் தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்னொரு அரசு அமைப்பான இதற்குப் பொருந்தாதா? 'கட்டுப்பாட்டு நிலையத்தால் ஏற்பட்ட தாமதம்' என்று சொல்லி நிறுவனம் விலகிக்கொள்கிறது. ஆணையத்தைக் கேட்கவோ பயணிக்கு விதியில் வழியே இல்லை.

2024 பிப்ரவரியில் மும்பை நிலையத்தில், சக்கர நாற்காலி கேட்டும் உரிய நேரத்தில் கிடைக்காததால் மனைவியுடன் நடந்தே குடியேற்றப் பிரிவை நோக்கிச் சென்ற எண்பது வயது முதியவர் சுருண்டு விழுந்து இறந்தார். அதற்கும் ஏர் இந்தியாவுக்கு ரூ. 30 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. மூடுபனிப் பயிற்சி இல்லாத விமானிக்கும் 30 லட்சம், ஓர் உயிர் போனதற்கும் 30 லட்சம்.

அபராதம் என்பது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கு. பயணிக்கு வேண்டியது இழப்பீடு. மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்கு, சீட்டின் விலையோடு தொடர்பில்லாத நிலையான தொகை ஒன்றை வரையறுக்க வேண்டும். விண்ணப்பமும் வழக்கும் இல்லாமல், சீட்டு வாங்கிய கணக்குக்கே அது தானாகத் திரும்பி வர வேண்டும். பணம் வாங்கும்போது இயங்கும் அந்தக் கணினிக்குத் திருப்பித் தரவும் தெரியும். 'எது குறைவோ அது' என்பதை 'எது கூடுதலோ அது' என்று திருத்த வேண்டும். மூடுபனியாயினும் வேறு எதுவாயினும், அது தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதைக் குறிப்பிட்ட விமானத்துக்கான ஆவணத்தோடு நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தோளில் இருக்க வேண்டும். முக்கியப் பிரமுகர்களுக்காக நிறுத்தப்பட்ட விமானங்களின் பட்டியலை மாதந்தோறும் வெளியிட வேண்டும். நிறுத்தியவரின் பதவியையும், நிறுத்திய நிமிடங்களையும் குறிப்பிட்டு.

இழப்பீடு கூடினால் கட்டணம் கூடிவிடும் என்று நிறுவனங்கள் வழக்கம்போல் சொல்லும். ஓரளவு கூடலாம். ஆனால் இன்று அந்தச் செலவு இல்லாமல் இல்லை. இரண்டாவது சீட்டு, வாடகைக் கார், விடுதி அறை, இழந்த ஒருநாள் ஊதியம் என்று அதைப் பயணி தன் பையிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்.

பயணிகள் வசதி விதியைத் திருத்த நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. தலைமை இயக்குநரின் ஆணையே போதுமானது. பட்டியலையும் நிரூபிக்கும் சுமையையும் பற்றி அமைச்சரிடம் கேட்க வேண்டியவர்கள் நம் உறுப்பினர்கள். ஆண்டுக்கு 34 விமானப் பயணங்களுக்கு மக்கள் பணத்தில் உரிமை பெற்றவர்கள் அவர்கள். அடுத்த மூடுபனிக்காலம் தில்லியை மூடுவதற்கு முன்னதாக, கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை விமானங்கள் யாருக்காகக் காத்திருந்தன என்று தமிழக உறுப்பினர்களில் ஒருவர் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்கலாம்.